என்எஃப்டி அனுப்பினேன், வந்து சேரவில்லை: அறிகுறியை வைத்துப் பழுது பார்ப்பது

என்எஃப்டி என்பது பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் உரிமை எழுதப்பட்ட தனித்துவமான டிஜிட்டல் சொத்து. ஒரு வாலட்டிலிருந்து இன்னொரு வாலட்டுக்கு அதை மாற்றும்போது நம்மைக் கலங்கடிப்பவை இரண்டு. வரவேண்டியது திரையில் வராமல் போகும், இல்லாவிட்டால் புரியாத ஏதோ ஒன்று திரையில் வந்து நிற்கும். பெரும்பாலான நேரம் டோக்கனுக்கு, அதாவது அந்த என்எஃப்டிக்கு, ஒன்றும் ஆகியிருக்காது. உண்மையான இழப்பு அதற்கு அடுத்த அரை மணி நேரத்தில்தான் நடக்கிறது. பதற்றத்தில் மறுபடி எதையாவது அனுப்புவது, தேடலில் முதலில் வந்த ஏதோ ஒரு ‘வாலட் சரிசெய்யும்’ தளத்தில் வாலட்டை இணைப்பது, கேட்காமலே உதவ வந்தவரிடம் வாலட்டின் சாவியான சீட் வார்த்தைகளைச் சொல்வது, இவைதான் டோக்கனைக் காவு வாங்குகின்றன. அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் கீழே சொல்லும் ஒரு சோதனையை முடிக்கும்வரை எதிலும் கையெழுத்து போடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்: பதிவைக் கேளுங்கள்

என்எஃப்டி உங்கள் வாலட் செயலிக்குள் இருப்பதில்லை. பிளாக்செயினில் அது சேர்ந்த தொகுப்புக்கென்று ஓர் ஒப்பந்தம் (தானாக இயங்கும் நிரல்) இருக்கிறது, அதன் பதிவில் ‘இந்த எண் டோக்கன் இந்த முகவரிக்குச் சொந்தம்’ என்று எழுதியிருக்கிறது. அனுப்புவது என்றால் அந்த இடத்தில் முகவரி மாறுவது, அவ்வளவுதான். வாலட் செயலி அந்தப் பதிவை எங்கிருந்தோ வாங்கிப் படம் போட்டுக் காட்டுகிறது. அது தாமதமாகக் காட்டலாம், காட்டாமலும் விடலாம். ஆகவே கேட்க வேண்டியது செயலியிடம் அல்ல.

பழைய வாலட்டின் செயல்பாட்டுப் பட்டியலில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து அதன் அடையாளக் குறியான ஹாஷை நகலெடுங்கள். அதைத் தேட வேண்டிய தளம், அதாவது எக்ஸ்ப்ளோரர், நெட்வொர்க்கைப் பொறுத்தது. எத்தீரியம் என்றால் எதர்ஸ்கேன், பாலிகான் என்றால் பாலிகான்ஸ்கேன், பேஸ் என்றால் பேஸ்ஸ்கேன், சொலானா என்றால் சோல்ஸ்கேன். தளத்தின் பெயரை நீங்களே தட்டச்சு செய்யுங்கள், விளம்பரமாக வரும் இணைப்பை அழுத்த வேண்டாம். ஹாஷைப் போட்டதும் வெற்றி, தோல்வி, நிலுவை என்ற மூன்றில் ஒன்று தெரியும்.

அடுத்து, எத்தீரியம், பாலிகான், பேஸ் என்றால், டோக்கனின் ஒப்பந்தப் பக்கத்துக்குப் போய் ‘ரீட் கான்ட்ராக்ட்’ பகுதியில் ‘ஓனர்ஆஃப்’ என்ற கேள்வியைத் திறந்து டோக்கன் எண்ணைக் கொடுங்கள். சில ஒப்பந்தங்களில் இது ‘ரீட் ஆஸ் ப்ராக்சி’ என்ற பகுதியில் இருக்கும். இப்போதைய உரிமையாளரின் முகவரி வரும். இதைப் படிக்க வாலட்டை இணைக்கவோ கையெழுத்து போடவோ தேவையே இல்லை. ஒரு தளம் அதைக் கட்டாயமாகக் கேட்டால் நீங்கள் வேறு எங்கோ வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், உடனே மூடிவிடுங்கள்.

ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே பிரதி உள்ள இஆர்சி-721 தர டோக்கன்களுக்கு இது போதும். இஆர்சி-1155 வகையில் ஒரே எண்ணுக்குப் பல பிரதிகள், பல உரிமையாளர்கள் இருக்கலாம் என்பதால் ‘ஓனர்ஆஃப்’ இருக்காது. அங்கே ‘பேலன்ஸ்ஆஃப்’ கேள்வியில் முகவரியையும் எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால், அந்த முகவரியில் எத்தனை பிரதி என்று சொல்லும்.

வரும் பதில் உங்கள் பழைய முகவரி என்றால் டோக்கன் நகரவே இல்லை. புதிய முகவரி என்றால் போய்ச் சேர்ந்துவிட்டது, காட்டுவதில்தான் கோளாறு. மூன்றாவது ஒரு முகவரி என்றால்தான் கவலைப்பட வேண்டிய விஷயம், அதிலும் எல்லாமே இழப்பு அல்ல.

பெறுநர் இடத்தில் நான் கொடுக்காத முகவரி தெரிகிறது

இதைப் பார்த்துப் பயப்படுபவர்கள் நிறையப் பேர், ஆனால் இது பிழையே அல்ல. எத்தீரியத்தின் நாணயமான ஈத்தரை அனுப்பும்போது பரிவர்த்தனையின் பெறுநர் நேரடியாக நீங்கள் கொடுத்த முகவரி. என்எஃப்டியில் அப்படி இல்லை. நீங்கள் பேசுவது தொகுப்பின் ஒப்பந்தத்தோடு, ‘என் பெயரிலிருந்து இன்னார் பெயருக்கு மாற்று’ என்று அதனிடம் சொல்கிறீர்கள். அதனால் எக்ஸ்ப்ளோரரில் பெறுநர் என்று ஒப்பந்த முகவரி இருக்கும், மதிப்பு 0 ஈத்தர் என்று இருக்கும். உண்மையான பெறுநர் அதற்குக் கீழே, டோக்கன் மாற்றம் என்ற வரியில் இருப்பார்.

சாவியைத் தனிச் சாதனத்தில் வைத்திருக்கும் ஹார்ட்வேர் வாலட்டின் சின்னத் திரையிலும் இதே குழப்பம் வரும். சில நேரம் சாதனம் ஒப்பந்த முகவரியை மட்டும் காட்டும், அல்லது பரிவர்த்தனையின் உள்ளடக்கத்தைப் படிக்க முடியாமல் ‘பிளைண்ட் சைனிங்’ வசதியை இயக்கச் சொல்லும். இயக்காவிட்டால் பரிவர்த்தனை அங்கேயே நின்றுவிடும். அந்த ஒரு மாற்றத்துக்காக இயக்கலாம், முடிந்ததும் அணைத்துவிடுங்கள். இயக்கியிருக்கும் நேரத்தில் கணினித் திரையில் தெரியும் ஒப்பந்த முகவரி உங்கள் தொகுப்பின் ஒப்பந்தம்தானா, அழைக்கப்படும் செயல் ‘டிரான்ஸ்ஃபர்’ வகைதானா என்று பார்க்காமல் பொத்தானை அழுத்தாதீர்கள். ‘செட் அப்ரூவல் ஃபார் ஆல்’ என்று இருந்தால் அது அனுப்புவது இல்லை. அந்தத் தொகுப்பில் உங்களிடம் உள்ள அத்தனையையும் எடுத்துக்கொள்ள இன்னொருவருக்கு அனுமதி தருவது அது.

வெற்றி என்று இருக்கிறது, புதிய வாலட்டில் காணோம்

உரிமையாளர் புதிய முகவரிதான் என்று பதிவு சொல்லிவிட்டால் நிதானமாகப் பாருங்கள். முதல் சந்தேகம் நெட்வொர்க். எத்தீரியம், பாலிகான், பேஸ், ஆர்பிட்ரம் எல்லாவற்றிலும் சாதாரண வாலட்டின் முகவரி ஒன்றேதான். பாலிகானில் இருக்கும் டோக்கனைப் பாலிகானில்தான் அனுப்ப முடியும், அது அங்கேதான் வந்திருக்கும். புதிய வாலட்டில் எத்தீரியம் மட்டும் தேர்வாகியிருந்தால் காலியாகத்தான் தெரியும். நெட்வொர்க்கைச் சேர்த்து அதற்கு மாறுங்கள். நெட்வொர்க் விவரங்களை எங்கிருந்தோ நகலெடுத்தால் செயின் எண்ணைச் சரிபாருங்கள்: எத்தீரியம் 1, பாலிகான் 137, பேஸ் 8453, ஆர்பிட்ரம் 42161.

அது சரியாக இருந்தும் தெரியவில்லை என்றால் மறைக்கப்பட்டவை, ஸ்பேம் என்ற பகுதிகளைப் பாருங்கள். குப்பையாக வந்து விழும் டோக்கன்களை வடிகட்டும் முயற்சியில் செயலிகள் சில நேரம் நல்லவற்றையும் ஒளித்துவிடும். மெட்டாமாஸ்க் போன்றவற்றில் என்எஃப்டியைத் தானாகக் கண்டறியும் வசதி அணைந்திருக்கலாம். அப்போது ஒப்பந்த முகவரியையும் டோக்கன் எண்ணையும் கொடுத்துக் கையால் சேர்க்க வேண்டும். இப்படிச் சேர்ப்பதற்குக் கட்டணம் கிடையாது, பரிவர்த்தனையும் கிடையாது. கட்டணம் கேட்டால் ஏமாற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்பேம் பகுதியைத் துழாவும்போது நீங்கள் வாங்காத, பரிசு வென்றதாகச் சொல்லும் டோக்கன்கள் கண்ணில் படும். அவற்றை விற்கவோ, வேறு முகவரிக்குத் தள்ளவோ, அதில் எழுதியிருக்கும் தளத்துக்குப் போகவோ வேண்டாம். மறைத்துவிட்டுப் போங்கள்.

படம் மட்டும் வரவில்லை

டோக்கன் வந்திருக்கிறது, படத்தின் இடத்தில் சாம்பல் நிறக் கட்டம். இது மாற்றியதால் வந்த கோளாறு அல்ல. படம் பெரும்பாலும் பிளாக்செயினுக்கு வெளியே, ஐபிஎஃப்எஸ் என்ற பரவலாக்கப்பட்ட கோப்பு அமைப்பிலோ ஒரு சாதாரண சர்வரிலோ இருக்கிறது. சந்தைத் தளத்தில் மெட்டாடேட்டாவை, அதாவது பெயர், படம் போன்ற விவரங்களை, புதுப்பிக்கும் பொத்தானை அழுத்திவிட்டுச் சற்று நேரம் விடுங்கள். ‘டோக்கன் யூஆர்ஐ’ கேள்விக்கு ஒப்பந்தம் தரும் இணைப்பே செத்திருந்தால் வாலட் மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் விழுந்தபின் அதன் சர்வரை நம்பியிருந்த என்எஃப்டிகளுக்கு இதுதான் நேர்ந்தது. டோக்கன் உரிமையாளரிடம் இருந்தது, காட்டப் படம் இல்லை.

மணிக்கணக்காக நிலுவையில் தொங்குகிறது

2021 ஆகஸ்ட் 5 அன்று வந்த லண்டன் மேம்பாட்டுக்குப் பிறகு எத்தீரியத்தில் ஒவ்வொரு பிளாக்குக்கும், அதாவது பரிவர்த்தனைகளின் தொகுதிக்கும், ஓர் அடிப்படைக் கட்டணம் உண்டு, நெரிசலைப் பொறுத்து ஏறும் இறங்கும். நீங்கள் வைத்த உச்சவரம்பு அதைவிடக் குறைவு என்றால் பரிவர்த்தனை காத்துக்கிடக்கும். டோக்கன் இன்னும் பழைய முகவரியில்தான் இருக்கிறது, பத்திரமாக.

இங்கே நான்ஸ் என்ற எண்ணைப் புரிந்துகொள்வது முக்கியம். ஒரு முகவரியிலிருந்து போகும் பரிவர்த்தனைகள் வரிசை எண்ணோடு போகின்றன. 14 முடியாமல் 15 நடக்காது. எப்போதோ குறைந்த கட்டணத்தில் விட்ட பழைய பரிவர்த்தனை ஒன்று முன்னால் அடைத்துக்கொண்டிருந்தால், அதற்குப் பின் எத்தனை முறை அனுப்பினாலும் எல்லாம் பின்னால் வரிசையில் நிற்கும். அடைப்பு நீங்கிய நொடியில் அவை ஒவ்வொன்றாக ஓடும். டோக்கன் ஏற்கெனவே போய்விட்டதால் பிந்தையவை தோற்கும், கட்டணத்தை மட்டும் தின்றுவிட்டு. அதனால்தான் மறுபடி அனுப்பாதீர்கள் என்று சொல்வது.

செய்ய வேண்டியது, வரிசையில் முதலில் நிற்கும் பரிவர்த்தனையைக் கண்டுபிடித்து ‘ஸ்பீட் அப்’ கொடுப்பது. அதே நான்ஸில் அதிகக் கட்டணத்தோடு போவதுதான் இது. குறைந்தது 10 சதவீதமாவது கூட்டாவிட்டால் நெட்வொர்க்கை இயக்கும் கணினிகளான நோடுகளில் பெரும்பாலானவை மாற்றுப் பரிவர்த்தனையை ஏற்காது. ரத்து செய்ய வேண்டுமென்றால் ‘கேன்சல்’. அதே நான்ஸில் உங்களுக்கே 0 ஈத்தர் அனுப்பி அந்த இடத்தை அது நிரப்பிவிடும். எக்ஸ்ப்ளோரரில் ஒன்றுமே இல்லை, வாலட்டில் மட்டும் நிலுவை என்று காட்டுகிறது என்றால் செயலியின் நினைவுதான் பிசகியிருக்கிறது. மெட்டாமாஸ்க்கில் மேம்பட்ட அமைப்புகளில் செயல்பாட்டுத் தரவை அழிக்கும் வசதி உண்டு. அது உங்கள் சொத்தையோ சாவியையோ தொடாது.

சொலானாவில் இந்த நீண்ட காத்திருப்பு கிடையாது. பரிவர்த்தனை 150 பிளாக்குகளுக்குள் சேராவிட்டால் காலாவதியாகிவிடும். காலாவதியானது உறுதி என்று எக்ஸ்ப்ளோரரில் பார்த்தபின் மறுபடி அனுப்பலாம்.

தோல்வி என்று வந்தது, கேஸ் கட்டணமும் போனது

கேஸ் என்பது பரிவர்த்தனைக்கு ஆகும் கணக்கீட்டின் அளவு. அதற்கான கட்டணம் திரும்பி வராது. கணக்கிட்டுப் பார்த்த வேலைக்கான கூலி அது. டோக்கன் நகரவில்லை. மறுபடி முயல்வதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது கட்டணமும் அதே வழியில் போகும்.

கேஸ் அளவு போதவில்லை என்று எக்ஸ்ப்ளோரர் சொன்னால் சுலபம். வாலட் பரிந்துரைக்கும் வரம்பைக் குறைக்காமல் விடுங்கள். வெறும் ஈத்தர் அனுப்ப 21,000 கேஸ் போதும், என்எஃப்டி மாற்றத்துக்கு அது போதவே போதாது.

அனுப்பும் பொத்தானே மங்கிக்கிடந்தால் பெரும்பாலும் அந்த நெட்வொர்க்கின் சொந்த நாணயம் கையில் இல்லை. பாலிகானுக்கு ‘போல்’ (POL) என்ற நாணயம் வேண்டும், முன்பு அது மேட்டிக் என்று இருந்தது. பேஸுக்கும் ஆர்பிட்ரத்துக்கும் ஈத்தர் வேண்டும், ஆனால் அந்த நெட்வொர்க்கில் இருக்கும் ஈத்தர். எத்தீரியத்தில் இருப்பது அங்கே செல்லாது. சொலானாவில் பெறுநருக்கு அந்த டோக்கனுக்கான கணக்கைத் திறக்க அனுப்புபவரிடம் சுமார் 0.002 சோல் கூடுதலாக இருக்க வேண்டும்.

அப்புறம், டோக்கனே பூட்டப்பட்டிருக்கலாம். ஸ்டேக்கிங்கில், அதாவது வெகுமதிக்காகப் பூட்டி, வைத்திருந்தால் ‘ஓனர்ஆஃப்’ பெரும்பாலும் ஒரு ஒப்பந்தத்தைக் காட்டும். வைத்த இடத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டுத்தான் அனுப்ப முடியும். சொலானாவில் விற்பனைக்குப் போட்ட டோக்கன் பெரும்பாலும் உங்கள் வாலட்டிலேயே உறைந்து நிற்கும், விற்பனைப் பட்டியலை நீக்கினால் உறைவு நீங்கும். சான்றிதழ் போன்ற சில டோக்கன்கள் கைமாறவே முடியாதபடி எழுதப்பட்டவை, அவற்றுக்கு வழி கிடையாது. 2017இல் வந்த க்ரிப்டோபங்க் தொகுப்பின் என்எஃப்டிகள் இஆர்சி-721 தரத்துக்கு முந்தியவை என்பதால் பல வாலட்டுகளின் வழக்கமான அனுப்பும் பொத்தான் அவற்றுக்கு வேலை செய்யாது. அந்த ஒப்பந்தத்தின் சொந்த ‘டிரான்ஸ்ஃபர் பங்க்’ செயலைத்தான் அழைக்க வேண்டும்.

பெறுநர் ஓர் ஒப்பந்தம் என்றால் வேறொரு தடை வரும். ‘சேஃப் டிரான்ஸ்ஃபர்’ என்ற முறை, பெறும் ஒப்பந்தத்திடம் ‘உனக்கு என்எஃப்டி வாங்கத் தெரியுமா’ என்று கேட்டு, சரியான பதில் வராவிட்டால் மாற்றத்தையே நிறுத்திவிடும். இந்தத் தோல்வி உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. இதைச் சுற்றிக்கொண்டு, கேள்வி கேட்காத சாதாரண ‘டிரான்ஸ்ஃபர்’ முறையில் அனுப்பச் சொல்லி யாராவது யோசனை தந்தால் கேட்காதீர்கள். டோக்கன் போய்ச் சேரும், ஆனால் வெளியே வர வழி இல்லாமல் போகலாம். 2025 மே மாத பெக்ட்ரா மேம்பாட்டுக்குப் பிறகு சாதாரண முகவரியும் ஓர் ஒப்பந்தத்தின் நிரலைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளலாம். உங்கள் சொந்தப் புதிய வாலட்டுக்கு அனுப்பும்போதே இந்தத் தோல்வி வந்தால், அந்த முகவரியின் எக்ஸ்ப்ளோரர் பக்கத்தில் அப்படி ஏதாவது ஒப்படைப்பு இருக்கிறதா, அதை நீங்கள்தான் செய்தீர்களா என்று பாருங்கள். நீங்கள் செய்யவில்லை என்றால் அந்த வாலட்டை நம்ப வேண்டாம்.

சீட் வார்த்தைகளைப் போட்டேன், வாலட் காலி

அனுப்பாமலே நடக்கும் இடமாற்றம் இது. பழைய செயலியின் 12 அல்லது 24 வார்த்தைகளைப் புதிய செயலியில் கொடுத்தால் எல்லாம் அப்படியே வரும் என்று எதிர்பார்க்கிறோம், வேறு ஏதோ முகவரி வருகிறது. வார்த்தைகள் தப்பில்லை. ஒரே வார்த்தைத் தொகுப்பிலிருந்து எண்ணற்ற முகவரிகள் பிறக்கும், எந்தப் பாதையில் பிறப்பிப்பது என்பதில் செயலிகள் வேறுபடுகின்றன. லெட்ஜர் என்ற ஹார்ட்வேர் வாலட்டின் இரண்டாவது கணக்கும் மெட்டாமாஸ்க்கின் இரண்டாவது கணக்கும் வெவ்வேறு பாதைகளில் பிறப்பதால், முதல் கணக்கு சரியாக வந்து இரண்டாவது மட்டும் வராமல் போவது சகஜம். இறக்குமதி செய்யும் இடத்தில் டெரிவேஷன் பாத் என்ற தேர்வை மாற்றி, உங்கள் பழைய முகவரி வருகிறதா என்று பாருங்கள். ஹார்ட்வேர் வாலட்டில் கூடுதல் கடவுச்சொல், அதாவது பாஸ்ஃப்ரேஸ், வைத்திருந்தால் அது இல்லாமல் முற்றிலும் வேறொரு வாலட் திறக்கும். ஒரு எழுத்து பெரிய, சின்ன வடிவம் மாறினாலும் அப்படித்தான்.

ஹார்ட்வேர் வாலட்டின் வார்த்தைகளைக் கணினியிலோ கைபேசியிலோ தட்டச்சு செய்து இறக்குமதி செய்ய வேண்டாம். அந்த நொடியில் அது ஹார்ட்வேர் வாலட்டாக இருப்பது முடிந்துபோகிறது. சாதனத்தை இணைத்து வேறு கணக்கைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

தவறான முகவரிக்குப் போய்விட்டது

மூன்றாவது முகவரி யாருடையது என்பதைப் பொறுத்தது எல்லாம்.

எக்ஸ்சேஞ்சின் வைப்பு முகவரிக்கு என்எஃப்டியை அனுப்பியிருந்தால் உங்கள் கணக்கில் அது தோன்றாது. ஆனால் அந்த முகவரியின் சாவி அவர்களிடம் இருக்கிறது, எனவே மீட்பது தொழில்நுட்ப ரீதியாகச் சாத்தியம். அவர்கள் செய்வார்களா என்பது அவர்கள் கொள்கை. செயலிக்குள் இருக்கும் உதவிப் பகுதி வழியாக மட்டும் ஹாஷோடு எழுதுங்கள்.

தொகுப்பின் ஒப்பந்த முகவரிக்கே அனுப்பியிருந்தால், அந்த ஒப்பந்தத்தில் மீட்கும் வழி எழுதப்பட்டிருந்தாலொழிய வராது. யாரிடமும் சாவி இல்லாத எரிப்பு முகவரிக்குப் போனது வரவே வராது. 2023 மார்ச்சில் 685ஆம் எண் க்ரிப்டோபங்க் இப்படித்தான் போனது. அதை வைத்திருந்தவர் திருட்டுக்கு ஆளாகவில்லை, அதை வேறொரு டோக்கனுக்குள் பொதியும், அதாவது ராப் செய்யும், படிகளைப் பார்த்துப் பார்த்துச் செய்தும் கடைசியில் எரிப்பு முகவரிக்கு அனுப்பிவிட்டார்.

பல கையெழுத்து வாலட், அதாவது பல சாவிகள் ஒப்புக்கொண்டால்தான் அனுப்பும் வாலட், வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சேஃப் போன்ற வாலட்டின் முகவரி ஓர் ஒப்பந்தம். அது எத்தீரியத்தில் உங்களுடையது என்பதால் வேறு நெட்வொர்க்கிலும் உங்களுடையதாகிவிடாது. விண்டர்மியூட் என்ற கிரிப்டோ வர்த்தக நிறுவனம் எத்தீரியத்தில் இருந்த தன் சேஃப் முகவரியைக் கொடுத்ததால், ஆப்டிமிசம் என்ற வேறொரு நெட்வொர்க்கில் அதே முகவரிக்கு அந்த நெட்வொர்க்கின் 2 கோடி ஓபி டோக்கன்கள் வந்து சேர்ந்தது 2022 ஜூனில் வெளியே தெரிந்தது. அங்கே அந்த வாலட் உருவாக்கப்பட்டே இருக்கவில்லை, வேறொருவர் முந்திக்கொண்டு அதை உருவாக்கிவிட்டார். அனுப்பும் முன் அதே நெட்வொர்க்கில் வாலட் இயங்குகிறதா என்று பாருங்கள்.

முகவரி வரலாற்றிலிருந்து நகலெடுத்தது என்றால் அதுவும் பொறியாக இருக்கலாம். உங்கள் முகவரியின் முதல் சில எழுத்துகளும் கடைசி சில எழுத்துகளும் பொருந்தும்படி இன்னொரு முகவரியை உருவாக்கி, அதிலிருந்து மதிப்பில்லாத ஏதோ ஒன்றை உங்களுக்கு அனுப்பி வைப்பார்கள். அடுத்த முறை வரலாற்றிலிருந்து எடுக்கும்போது நீங்கள் அதை எடுப்பீர்கள் என்பது கணக்கு. 2024 மேயில் ஒருவர் 1,155 ராப்டு பிட்காயினை (பிட்காயினின் எத்தீரியம் பிரதிநிதி) இப்படி ஒரே பரிவர்த்தனையில் அனுப்பிவிட்டார். பேச்சுவார்த்தைக்குப் பின் பெரும்பகுதி திரும்பி வந்தது, ஆனால் அந்த அதிர்ஷ்டத்தை நம்பி யாரும் அனுப்ப முடியாது. முகவரியைப் பெறும் வாலட்டைத் திறந்து அங்கிருந்தே எடுங்கள். நடுவில் உள்ள எழுத்துகளையும் சேர்த்து, முழுவதையும் ஒப்பிடுங்கள்.

மதிப்புள்ள டோக்கன் என்றால் முதலில் மதிப்பில்லாத ஒன்றை, அதே நெட்வொர்க்கில், அதே முகவரிக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்வார்கள். அது பாதிதான். அந்தச் சோதனை டோக்கனைப் புதிய வாலட்டிலிருந்து மறுபடி வெளியே அனுப்பியும் பாருங்கள். வருகிறது என்பதைவிட, அங்கிருந்து உங்களால் எடுக்க முடிகிறது என்பதுதான் தெரிய வேண்டியது. சாவி கையில் இல்லாத முகவரிக்கும் எதுவும் வந்து சேரும்.

வேறு நெட்வொர்க்குக்கு அனுப்ப முடியவில்லை

முடியாது. நெட்வொர்க் மாற்றுவது என்பது அனுப்புவது அல்ல, பிரிட்ஜ் செய்வது. அசல் ஓர் ஒப்பந்தத்தில் பூட்டப்பட்டு மறுபக்கம் வேறொரு ஒப்பந்தத்தில் அதன் பிரதிநிதி பிறக்கிறது. அந்தத் தொகுப்பை உருவாக்கியவர்களே ஏற்பாடு செய்த பிரிட்ஜ் இல்லையென்றால், அரிய டோக்கனை இதில் விடாமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

திரும்பக் கொண்டுவந்தேன், அடிமாட்டு விலைக்கு விற்றுப்போனது

பார்ப்பதற்கு ஹேக் போலவே இருக்கும், ஆனால் நடப்பது வேறு. சந்தைத் தளத்தில் விற்பனைக்குப் போடுவது பெரும்பாலும் ஒரு கையெழுத்து மட்டுமே. டோக்கனை வேறு வாலட்டுக்கு மாற்றினால் தளத்தில் அந்தப் பட்டியல் மறையும், ஆனால் கையெழுத்து செத்துவிடாது. காலாவதியாகாத நிலையில் டோக்கன் பழைய முகவரிக்குத் திரும்பிய உடனே அது உயிர்பெறும். 2022 ஜனவரியில் ஓப்பன்சீ என்ற சந்தைத் தளத்தின் பயனர்கள் பலர், ரத்துக்கான கேஸ் கட்டணத்தை மிச்சப்படுத்த டோக்கனை வேறு வாலட்டுக்கு மாற்றித் திரும்பக் கொண்டுவந்து இதில் சிக்கினார்கள். போர்ட் ஏப் தொகுப்பின் 9991ஆம் எண் என்எஃப்டி 0.77 ஈத்தருக்கு வாங்கப்பட்டு, சற்று நேரத்தில் 84.2 ஈத்தருக்கு விற்கப்பட்டது.

விற்ற பரிவர்த்தனை செல்லுபடியானதுதான் என்பதால் அதைத் திருப்ப முடியாது. மீதமிருப்பவற்றைக் காப்பாற்றலாம். மாற்றுவதற்கு முன்பே எல்லாப் பட்டியல்களையும் ரத்து செய்யுங்கள், செயலற்றவை என்று மடித்து வைத்திருப்பவற்றையும் திறந்து பாருங்கள். பழைய முகவரிக்குத் திரும்பக் கொண்டுவருவதைத் தவிருங்கள். அதோடு, ‘எல்லாவற்றுக்கும் அனுமதி’ என்பது டோக்கனோடு பயணிப்பதில்லை, முகவரியோடு ஒட்டியிருப்பது. புத்தம் புதிய முகவரிக்குப் போனால் பழைய அனுமதிகள் அங்கே செல்லாது. ஆனால் ஏற்கெனவே பல தளங்களில் இணைத்துப் புழங்கிய முகவரிக்குக் கொண்டுபோனால், அங்கே கிடக்கும் அனுமதிகள் இந்த டோக்கனுக்கும் பொருந்தும். எதர்ஸ்கேனின் டோக்கன் அனுமதிப் பக்கத்திலோ ரிவோக்.கேஷிலோ பெறும் முகவரியை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

பிட்காயின் ஆர்டினல் காணாமல் போனது

2023 ஜனவரியில் வந்த, பிட்காயினிலேயே படைப்புகளைப் பதியும் ஆர்டினல்ஸ் முறையில் ஒப்பந்தம் என்று எதுவும் இல்லை. படைப்பு ஒரு குறிப்பிட்ட சடோஷியோடு, அதாவது பிட்காயினின் மிகச் சிறிய அலகோடு, ஒட்டியிருக்கிறது. அந்தச் சடோஷி சில நூறு அல்லது சில ஆயிரம் சடோஷி கொண்ட சின்ன நாணயத் துண்டுக்குள் இருக்கும், பெரும்பாலும் 546 அல்லது 10,000. ஆர்டினல் தெரியாத பிட்காயின் வாலட் அதைச் சில்லறையாகத்தான் பார்க்கும். அடுத்து நீங்கள் யாருக்காவது பணம் அனுப்பும்போது அதையும் சேர்த்துச் செலவழித்துவிடும். அது பெறுநரிடம் போகலாம், கட்டணமாகப் பிளாக்கை உருவாக்கும் மைனரிடமும் போகலாம். உங்களுக்கே திரும்பி வந்த மீதியிலும் இருக்கலாம்.

எனவே முதலில் அந்த வாலட்டிலிருந்து எதையும் அனுப்பாதீர்கள். ஆர்டினல் எக்ஸ்ப்ளோரரில் படைப்பின் இன்ஸ்கிரிப்ஷன் எண்ணைத் தேடி, இப்போது எந்த முகவரியில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் முகவரி என்றால் ஸ்பாரோ போன்ற வாலட்டில் அந்தத் துண்டை உறையவைத்து, அனுப்பும் நேரத்தில் உறைவை நீக்கி, அதைக் கையால் தேர்ந்தெடுத்து ஆர்டினல் தெரிந்த வாலட்டின் முகவரிக்கு அனுப்புங்கள். கட்டணத்துக்கு வேறு துண்டைத் தனியாகச் சேருங்கள். ஆர்டினல் வாலட்டுகள் பணத்துக்கு ஒன்று, படைப்புகளுக்கு ஒன்று என இரண்டு முகவரி தரும். படைப்புக்கானது பிசி1பி என்று தொடங்கும் டாப்ரூட் முகவரி, அதைத்தான் கொடுக்க வேண்டும்.

மாற்றலாம் என்று ஈத்தர் போட்டேன், உடனே மறைந்துவிட்டது

பழைய வாலட்டின் சாவி வெளியே போய்விட்டது. ஒரு நிரல் அந்த முகவரியைக் கண்காணித்துக்கொண்டே இருக்கிறது, கேஸுக்காக நீங்கள் போடும் ஒவ்வொரு ஈத்தரையும் நொடிகளில் துடைத்தெடுக்கிறது. டோக்கன்கள் இன்னும் அங்கேயே இருக்கலாம். இன்னும் கொஞ்சம் போட்டால் முந்திவிடலாம் என்று தோன்றும். முந்த முடியாது, நிறுத்துங்கள்.

தூய்மையான சாதனத்தில் புதிய சீட் வார்த்தைகளோடு ஒரு வாலட் உருவாக்குங்கள். பழைய வாலட்டுக்குள்ளேயே இன்னொரு கணக்கைச் சேர்ப்பது பயனற்றது, அதே வார்த்தைகளிலிருந்துதான் அதுவும் பிறக்கிறது. அதே வார்த்தைகளின் மற்றக் கணக்குகளில் ஏதாவது இருந்தால் அவற்றை முதலில் வெளியே எடுங்கள், அவை இன்னும் தொடப்படாமல் இருக்கக்கூடும்.

துடைக்கும் நிரலின் பிடியில் இருக்கும் முகவரிக்கு வழி, கேஸுக்கான ஈத்தரை உள்ளே அனுப்பும் பரிவர்த்தனையையும் டோக்கனை வெளியே எடுக்கும் பரிவர்த்தனையையும் ஒரே கட்டாக, பொதுவில் தெரியாமல், ஒரே பிளாக்கில் சேர்ப்பது. ஃப்ளாஷ்பாட்ஸ் போன்ற அமைப்புகளின் வழியாக இதைச் செய்யலாம். இடையில் புகுந்து எடுக்க நிரலுக்கு நேரம் கிடைக்காது. நிரல் எழுதத் தெரிந்தவரின் உதவி இதற்குத் தேவைப்படும், அந்த உதவியை நீங்கள்தான் தேடிப் போக வேண்டும். தேடி வருபவர் வேண்டாம். முகவரியின்மேல் வேறொருவர் ஏற்றிய ஒப்படைப்பு இருந்தால், ஈத்தர் வந்த அதே பரிவர்த்தனைக்குள்ளேயே அது வெளியே போய்விடும். அதை நீக்கும் பரிவர்த்தனையும் அதே கட்டில், கேஸ் இன்னொரு முகவரியிலிருந்து கட்டப்படும்படி, முதலாவதாக இருக்க வேண்டும்.

எதை முதலில் எடுப்பது என்பதையும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விற்க முடிந்தவை முதலில், முகவரிக்குப் பதிலாகப் பயன்படும் .ஈத் பெயர்கள் இருந்தால் அவையும் கூடவே, ஏனென்றால் அந்தப் பெயரைப் பார்த்து மற்றவர்கள் உங்களுக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்கள். ஸ்டேக்கிங்கில் பூட்டியிருப்பவை கடைசியில், பூட்டு திறக்கும் நாளைக் குறித்துக்கொண்டு அதற்கும் அதே மாதிரி ஒரு கட்டைத் தயாராக வைத்திருக்க வேண்டும். பழைய முகவரிக்கு இனி எதுவும் அனுப்ப வேண்டாம் என்று உங்களோடு பரிமாற்றம் வைத்திருப்பவர்களுக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.